திறப்பு யார் கையில் இருந்தாலும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் மேலாளர் போன் எடுத்து, "அக்கா, ஓய்வு பெற்றிட்டியள், வீட்டிலை சும்மா தானே இருக்கிறியள், புதுப் பிள்ளையளுக்கு நல்ல அனுபவம் கொஞ்சம் எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார். நான் வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நல்ல அனுபவங்களும் என்னிடம் கைவசம் இல்லை. இருப்பவை பெரும்பாலும் கோபம் வந்த அனுபவங்கள். அவற்றில் இன்னும் ஆறாத ஒன்றைத்தான் எழுதப் போகிறேன். சேர்வரை எப்படி நிறுவுவது, பிரதி எப்படி எடுப்பது என்பதையெல்லாம் இதில் தேடாதீர்கள். அவற்றை என்னைவிட நீங்கள் விரைவாகச் செய்வீர்கள்.

அதற்கு முன் ஒரு சின்னக் கதை. நான் இந்தத் தொழிலுக்குக் கணினி வழியாக வரவில்லை. நல்லூரில் ஒரு கொமினிக்கேசன் கடையில்தான் என் முதல் வேலை. ஆளுக்கொரு போன் இல்லாத காலம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோ புருசனோ இன்ன நேரத்துக்கு எடுப்பார் என்று சொல்லிவைத்து, ஆட்கள் வந்து வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். மணி அடித்தால் நாங்கள் பெயரைக் கூப்பிடுவோம். பலகை அடித்த ஒரு கூண்டுதான் பேசும் இடம். உள்ளே பேசுவதெல்லாம் வாங்கில் இருப்பவர்களுக்கு நன்றாகக் கேட்கும்.

கடை முதலாளி கடுகடுத்த மனிதர். என்னோடு ஒரு நாளும் சிரித்துக் கதைத்ததில்லை. ஆனால் கூண்டுக்குள் ஒருவருடைய குரல் உடையத் தொடங்கினால் போதும், எழும்பிப் போய் ரேடியோவைப் பெரிதாகப் போட்டுவிடுவார். "என்ன முதலாளி, காது அடைக்குது" என்று வாங்கில் இருப்பவர்கள் சத்தம் போடுவார்கள். "என்ரை கடை, என்ரை ரேடியோ" என்பார். ஒருமுறை, உள்ளே அழுத பெண் போன பிறகு, "என்னவாம் முதலாளி?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "உனக்குச் சம்பளம் மணி அடிச்சால் பேரைக் கூப்பிடுறதுக்கு" என்றார். அந்த மனிதர் கணினியைக் கண்ணால் கண்டிருப்பாரோ தெரியாது. தனியுரிமை என்ற சொல்லும் அவருக்குத் தெரிந்திராது. ஆனாலும் பிறகு நான் வேலை செய்த இடங்களில் அவரைப் போல ஒரு ஆளை நான் காணவில்லை.

இனி விசயத்துக்கு வருகிறேன். காங்கேசன்துறைப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். சண்டைக் காலத்தில் ஊரே எழும்பி ஓடியது. பிறகு காணிகள் இராணுவப் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட, ஊர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் நல்லூர் வாடகை வீடுகளிலும் தெல்லிப்பழையிலுமாகச் சிதறிக் கிடந்தது. அந்த ஊர்ச் சங்கம் நம் அலுவலகத்துக்கு வந்து, தங்களுக்கென்று ஒரு சமூக வலை கட்டித் தரும்படி கேட்டது. பெரிய கம்பனிகளின் தளங்களில் அவர்களுக்கு வெறுப்பு வந்திருந்தது. செத்தவீட்டு அறிவித்தல் ஒன்றைப் போட்டால் பக்கத்தில் செருப்பு விளம்பரம் வருகிறது. யார் எங்கே போனார்கள், யாரோடு கதைத்தார்கள் என்பதையெல்லாம் எங்கோ ஒருவன் அள்ளி விற்கிறான். நியாயமான வெறுப்புத்தான், எனக்கும் அது உண்டு. அதனால் ஆசையோடுதான் அந்த வேலையைச் செய்தேன்.

இப்போது மாற்று வலைகள் என்று நீங்கள் கட்டுகிறவற்றைப் போன்றதுதான் அதுவும். எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருக்கும் ஒரு கம்பனி கிடையாது. சங்கத்தின் யாழ்ப்பாணச் சேர்வர் நம் பொறுப்பில் இருந்தது. கனடாக் கிளையின் சேர்வர் ரொறன்ரோவில் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டவன் சங்கத் தலைவரின் பெறாமகன், அதாவது அவருடைய தம்பியின் மகன். இரண்டு சேர்வரும் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும். இங்கிருப்பவர் அங்கிருப்பவருக்குத் தனிச்செய்தி எழுதினால் இங்கே ஒரு பிரதி, அங்கே ஒரு பிரதி. இரண்டும் பூட்டாத பிரதிகள். நிர்வாகக் கடவுச்சொல்லை நாங்கள் அலுவலகத்தில், வீட்டுச் சாவியைச் சொல்வதுபோல, திறப்பு என்றே சொல்வோம். அந்தத் திறப்பு வைத்திருக்கும் ஆள் விரும்பினால் எதையும் வாசிக்கலாம்.

இதை வலையில் சேரும் பக்கத்திலேயே, எல்லாருக்கும் விளங்கும் தமிழில், ஒரு வரியாக எழுதி வைத்தேன். தலைவர் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உதை எடுங்கோ, தங்கச்சி. ஆக்கள் பயந்திடுவினம்."

"உண்மை தானே, அண்ணை."

"உண்மை தான். ஆனால் ஆர் வாசிக்கப் போகினம்? திறப்பு உங்கடை கையிலை. நீங்கள் எங்கடை ஆள் தானே."

அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டு, 'எங்கள் ஆட்கள் நடத்துவது, உங்கள் வீட்டைப் போலப் பாதுகாப்பானது' என்று போடுவித்தார்கள். நான் ஆட்சேபித்தேன். அப்போதிருந்த மேலாளர், வாடிக்கையாளர் சொன்னால் சொன்னதுதான் என்று முடித்துவிட்டார். எங்கள் ஆள் என்ற சொல்லை இந்த மண்ணில் எதற்கெல்லாம் பூசுகிறோம் என்று நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நம் ஆட்களின் கல்யாண விசாரிப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. சாதகம் பொருந்தியதும் மாப்பிள்ளை பகுதி ஆள் விட்டு விசாரிக்கும். பக்கத்து வீட்டில் கேட்பார்கள், படித்த பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள், கோயிலடியில் கேட்பார்கள். அதைப் பிழை என்று யாரும் நினைப்பதில்லை, விசாரிக்காமல் செய்தால்தான் பிழை. சங்கத் தலைவர் இதில் பேர்போனவர். ரொறன்ரோவில் இருந்தும் பாரிசில் இருந்தும் அவருக்குத்தான் போன் வரும். ஆனால் ஊர் சிதறிய பிறகு பக்கத்து வீட்டுக்கு எங்கே போவது? பக்கத்து வீடு முழுவதும் இப்போது என் சேர்வருக்குள் இருக்கிறது என்று மனிதர் கண்டுபிடித்துவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கதலி வாழைப்பழச் சீப்பு ஒன்றோடு அலுவலகத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, ஒரு சின்ன உதவி. எங்கடை வாசுகி இருக்கிறாளெல்லே, ரியூசனிலை கணக்குப் படிப்பிக்கிறவள். அவளுக்கு ரொறன்ரோவிலை ஒரு பெடியன் பொருந்தியிருக்கு. பெடியன்ரை தாய் தேப்பன் என்னை விசாரிக்கச் சொல்லியிருக்கினம்."

"விசாரியுங்கோவன், அண்ணை."

"அதுக்குத்தான் வந்தனான். அவள் உதுக்குள்ளை ஆரோடை என்ன கதைக்கிறாளெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ. முழுக்க வேண்டாம். மேலோட்டமாய்ப் பார்த்தால் காணும்."

"அது அவளின்ரை தனிச்செய்தி, அண்ணை."

"ஓம், அதுக்குத்தானே உங்களிட்டை வந்தனான். வெளியிலை போட்டதெண்டால் நானே பார்த்திருப்பன்."

"நான் பார்க்க மாட்டன்."

"ஏன், பார்க்கேலாதோ?"

"ஏலும். பார்க்க மாட்டன்."

அவர் சிரித்தார். "நல்ல பிள்ளையெண்டால் ஒளிக்க என்ன இருக்கு? பார்த்து, நல்ல பிள்ளையெண்டு சொன்னால் அவளுக்குத் தானே நல்லது."

இந்த மனிதரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர் ஓடிய நாளில் வேறு வீட்டுப் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர். சோதனைச் சாவடியில் தன் மகளின் கைப்பையைக் கொட்டிக் கிளறினார்கள் என்று இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லுவார். அப்படிப்பட்டவர்தான் ஒரு வாழைப்பழச் சீப்போடு வந்து, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கைப்பையைக் கொட்டிக் காட்டு என்று என்னைக் கேட்கிறார். தன் மகளுக்கு நடந்ததும் தான் கேட்பதும் ஒன்றுதான் என்று அவருக்கு ஒரு துளியும் தோன்றவில்லை.

மறுபடியும் முடியாது என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"சேர்வர் சங்கத்தின்ரை. அப்ப திறப்பும் சங்கத்தின்ரை தான். நாளைக்குக் கமிற்றியோடை வந்து வாங்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பழத்தை விட்டுவிட்டுத்தான் போனார். நான் அதை ரோட்டால் போன பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

உங்களில் யாராவது அந்த நாற்காலியில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்கு முதலில் தோன்றியது, வலையின் பொதுப் பக்கத்தில் எல்லாருக்கும் எச்சரிக்கை போடுவது. உங்கள் தனிச்செய்திகளைக் கேட்டு ஒரு ஆள் வந்தார், கவனமாக இருங்கள் என்று எழுதவும் தொடங்கினேன். பிறகு கையை எடுத்துவிட்டேன். பெயரே போடாவிட்டாலும், அந்த நேரத்தில் ஊர் வாயில் இருந்த சம்பந்தம் அது ஒன்றுதான். பின்னேரத்துக்குள் 'வாசுகியின்ரை செய்தியிலை என்னவோ இருக்காம்' என்று ஆகியிருக்கும். அவளைக் காப்பாற்றப் போட்ட எச்சரிக்கையே அவளைப் பற்றிய வதந்தியாகியிருக்கும். பேசாமல் இருந்தால் நாளைக்குத் திறப்பு அவர்கள் கையில். நானே எல்லாவற்றையும் அழித்துவிடலாம், ஆனால் அழிப்பதற்கு அது என்னுடையதா? மேலாளரிடம் சொன்னேன். ஒப்பந்தம் போய்விடும், யோசித்துச் செய்யுங்கள் என்றார். அவருடைய கவலை அவருக்கு.

பொருளுக்குச் சொந்தக்காரி உயிரோடு தெல்லிப்பழையில் இருக்கும்போது நான் ஏன் இங்கே இருந்து மண்டையை உடைக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினேன்.

வாசுகி அப்போதுதான் வகுப்பு முடிந்து வந்திருந்தாள். சங்கக் கூட்டங்களில் கண்ட பழக்கம் உண்டு. தேத்தண்ணி போட்டுத் தந்தாள். நடந்ததைச் சுற்றிவளைக்காமல் சொன்னேன்.

அவள் முதலில் கேட்டது தலைவரைப் பற்றியல்ல.

"அப்ப நீங்கள் வாசிக்கலாமோ, அன்ரி?"

"ஓம் பிள்ளை, ஏலும். ஒருக்காலும் வாசிக்கேல்லை."

"வீட்டைப் போலப் பாதுகாப்பெண்டு போட்டிருக்கே. அதை நம்பித்தானே எழுதினனான்."

எடுக்கச் சொன்ன வரியைப் பற்றிச் சொன்னேன். சமாதானம் சொல்லப் போகவில்லை, சொல்ல எனக்கு முகமும் இல்லை. பிறகு அவள் நான் கேட்காமலே சொன்னாள். அவளுக்குச் சின்ன வயதில் இருந்து வலிப்பு இருக்கிறது. மருந்துக் குளிசையில் கட்டுப்பட்டு, கன காலமாக வரவில்லை. கலியாணம் கட்டலாம், பிள்ளை பெறலாம், ஒரு பயமும் இல்லை என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டாரைத் தவிர அது தெரிந்தது ரொறன்ரோவில் இருக்கும் ஒரு தோழிக்கு மட்டும்தான்.

"ஞாயிற்றுக்கிழமை அவர் வீடியோவிலை எடுக்கிறார், அன்ரி. நாங்கள் ரெண்டு பேரும் முதல்முதல் தனியக் கதைக்கப் போறம். அப்ப சொல்லுறதெண்டு இருக்கிறன். எப்பிடித் துடங்கிறதெண்டு தெரியாமல்தான் அவளிட்டைக் கேட்டு எழுதினனான். அவர் அதை என்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ரை வாயாலை கேக்கவேணும். வேறை ஆரும் சொல்லி அறியக்கூடாது."

அவ்வளவுதான் அவளுடைய செய்திகளில் இருந்தது. சொல்லப் பழகிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை.

அவளுடைய செய்திகளை மேசையில் வைத்தே திறந்து கொடுத்தேன். நான் மற்றப் பக்கம் திரும்பி இருக்க, அவளே அழித்தாள். பிறகு ரொறன்ரோவில் இருக்கும் மற்றப் பிரதியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பிரதியை அழிக்கச் சொல்லத் தோழிக்கு எடுத்தோம். அவள் வேலையில் இருந்திருக்க வேண்டும், போனைத் தூக்கவில்லை. அங்கே காலைநேரம். தலைவரின் பெறாமகனுக்கு நான் எடுத்தேன், வாசுகியும் கேட்கட்டும் என்று போனை மேசையில் வைத்தேன்.

"தம்பி, பெரியப்பா உங்களிட்டை ஏதும் கேட்டவரோ?"

"ஓம் அன்ரி, நான் எழும்பேக்கையே கேட்டவர். நீங்கள் ஏலாதெண்டிட்டியளாம். நான் எடுத்து அனுப்பிப்போட்டன்."

"வாசிச்சனீங்களோ?"

"வாசிக்காமல் எப்பிடி எடுக்கிறது?" சிரித்தான். "சும்மா ஒரு விசாரிப்புத் தானே, அன்ரி. நான் ஒண்டும் ஃபேஸ்புக்கிலை போடேல்லை."

நான் திட்டித் தீர்ப்பதற்குள் வாசுகி கையை நீட்டிப் போனை நிறுத்தினாள். கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள். அங்கிருந்தபடியே, "இண்டைக்கு வியாழக்கிழமை தானே, அன்ரி" என்றாள்.

தலைவர் வழியாகச் செய்தி போய்ச் சேர, அடுத்த நாள் சம்பந்தம் பேசியிருந்த அந்த ரொறன்ரோப் பெடியன் அவளுக்கு எடுத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை, வீடியோவும் இல்லை. ஏன் ஒளிச்சனீர் என்று கேட்டான். ஒளிக்கேல்லை, ஞாயிற்றுக்கிழமை சொல்லுறதெண்டு இருந்தனான் என்றாள். இப்ப அப்பிடித்தான் சொல்லுவீர் என்றான். சம்பந்தம் அதோடு முடிந்தது. அந்தப் பெடியனை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். தலைவரின் பெறாமகன் முழுவதையும் அனுப்பியிருக்கவில்லை. அவளுடைய வலிப்பு வருத்தத்தைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தான். அதை எப்படிச் சொல்வது என்று அவள் கேட்டிருந்த பகுதி அவனுக்குத் தேவையில்லாததாகத் தெரிந்திருக்கிறது. பெரியப்பா மேலோட்டமாய்த்தானே கேட்டார்.

வாசுகி எதையும் ஒளிக்கவில்லை. இன்னும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த இடைவெளி அவளுக்குச் சொந்தமானது. அதற்குள் இருந்துகொண்டுதான் அவள் தன்னைத் தயார்செய்துகொண்டிருந்தாள். அதைத் திருடி, உண்மை சொல்ல இருந்த ஒருத்தியை ஊருக்கெல்லாம் ஒளித்தவள் ஆக்கிவிட்டார்கள். திருடியவர்களில் ஒருவருக்கும் தான் திருடினேன் என்று தெரியாது. அதுதான் என்னை இன்றைக்கும் நித்திரை கொள்ள விடாமல் செய்கிறது.

சொன்னபடி கமிற்றி வந்தது. தலைவருக்கு முகம் முழுக்கச் சந்தோசம்.

"பார்த்தியளே தங்கச்சி, விசாரிச்சது எவ்வளவு நல்லதாய்ப் போச்சு."

"களவெடுத்தது எண்டு சொல்லுங்கோ, அண்ணை."

"என்ன கதை கதைக்கிறியள்?" என்று ஒருவர் எழும்பினார். "நல்ல ஆக்களுக்கு ஒளிக்க என்ன இருக்கு?" மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் சத்தம் போட்டேன். வாழ்க்கையில் வாடிக்கையாளர் முன்னால் அப்படிச் சத்தம் போட்டதில்லை. அவர்கள் எழும்பிப் போனார்கள். அன்று பின்னேரமே எனக்குப் போன் வரத் தொடங்கியது. முதலில் எடுத்தவர், நல்ல ஆக்களுக்கு ஒளிக்க என்ன இருக்கு என்று கேட்ட அதே ஆள். "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ, என்ரை செய்தியளையும் ஒருக்கா அழிச்சு விடேலுமோ?" என்றார். பிறகு இன்னொருவர். பிறகு இன்னொருவர். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியவேண்டாம் என்று சொல்லித்தான் கேட்டார்கள். சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திறப்பைக் கொடுக்கத்தான் வேண்டும், அது சங்கத்தின் உடைமை. ஆனால் செய்திகள் சங்கத்தின் உடைமை என்று எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. வாசுகியின் கதை ஊர் முழுக்கத் தெரிந்துவிட்ட பிறகு எச்சரிக்கையால் அவளுக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. இரண்டு சேர்வரையும் பார்ப்பவர்கள் உங்கள் தனிச்செய்திகளை வாசிக்க முடியும் என்று பொதுப் பக்கத்தில் எல்லாருக்கும் எழுதினேன். விரும்பியவர்கள் பிரதி எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்து, நம் பக்கத்தில் இருந்த எல்லாத் தனிச்செய்திகளையும் அழித்து, அந்த வசதியையே நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் திறப்பைக் கொடுத்தேன். ஒப்பந்தம் போனது. மேலாளர் கன நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ரொறன்ரோச் சேர்வரை இன்றைக்கும் அதே பெறாமகன்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒருவரும் அவனைப் போகச் சொல்லவில்லை.

பிள்ளைகளே, பெரிய கம்பனி உங்கள் தகவலை விற்கும். ஆனால் அந்தக் கம்பனிக்காரனுக்கு உங்கள் பெரியப்பாவைத் தெரியாது. சின்ன வலையை நடத்துகிற நம் ஆள் ஒரு சதமும் வாங்கமாட்டான், சும்மா எடுத்துக் கொடுப்பான், உங்கள் வீட்டுக் கேற்றடி வரை தெரிந்த ஒருவரிடம். மாற்று வலை என்று மார்தட்டுகிறபோது இதையும் நினையுங்கள். அன்றைக்கு நான் பார்க்க மாட்டேன் என்று சொன்னது எனக்குத்தான் பெருமை. வாசுகிக்கு அதால் ஒரு பிரயோசனமும் வரவில்லை. எழுதுபவரின் போனிலேயே பூட்டி, வாசிப்பவரின் போனில் மட்டும் திறக்கும்படி கட்டுங்கள். திறப்பு யார் கையில் இருந்தாலும், உங்கள் கையில் இருந்தாலும், வாசிக்க முடியாததாக இருக்கட்டும். அப்படிக் கட்ட முடியாவிட்டால் தனிச்செய்தி என்று பெயர் வைக்காதீர்கள். வாசிக்கலாம் என்ற வரியை எடுக்கச் சொல்லி யாராவது வந்தால், வேலையை விட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் சும்மா இருக்க நான் கற்றுத் தருகிறேன்.

இதை எழுதி முடித்ததும் தெல்லிப்பழைக்குக் கொண்டுபோய் வாசுகிக்கு வாசித்துக் காட்டினேன். பெயரை மாற்றட்டுமோ, வருத்தத்தின் பெயரை எடுக்கட்டுமோ என்று கேட்டேன். ஒன்றையும் எடுக்கவேண்டாம் என்றாள். இரண்டு வீட்டுப் பெற்றோர் அவளுடைய வகுப்பில் இருந்து பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் பின்னால் குசுகுசுக்கிறார்கள், ஆனால் அவளிடம் ஒருவரும் கேட்பதில்லை.

"எல்லாம் இருக்கட்டும், அன்ரி. ஆனால் ஒரு கிழமை பொறுத்துக் குடுங்கோ. உங்கடை பிள்ளையள் வாசிக்க முதல் என்ரை பிள்ளையளுக்கு நான் சொல்லவேணும். வகுப்பிலை எனக்கு வந்தால் என்ன செய்யிறதெண்டும் சொல்லிக் குடுக்கவேணும். கையிலை இரும்பைத் திணிக்கத் தேவையில்லை, பக்கமாய்ச் சரிச்சு விட்டால் காணும் எண்டு."

பொறுத்தேன். உங்கள் மேலாளர் நடுவில் ஒருமுறை எடுத்து, "என்ன அக்கா, இன்னும் எழுதி முடிக்கேல்லையோ?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நேற்று வகுப்பு முடிந்த கையோடு வாசுகி எடுத்தாள். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"நானே சொல்லிப்போட்டன், அன்ரி. இனி நீங்கள் குடுங்கோ."